ராடார் காலத்தில் போர்விமானத்துக்கு வர்ணம் எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் லாடியத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது: “வெகு தொலைவிலேயே ராடார் பிடித்துவிடுகிறது. ஏவுகணை வெப்பத்தைத் தேடிப் போகிறது. பிறகு போர்விமானத்துக்கு வர்ணம் எதற்கு? மிராஜ் விமானங்களின் காலத்துப் பச்சையும் மண்நிறமும் பார்க்கவாவது அழகாக இருந்தன. இன்றைய கிரிப்பென் போர்விமானம் முழுக்கச் சாம்பல். வர்ணத்துக்குச் செலவழிக்க மனமில்லாத விமானப்படையின் அடையாளம் அது என்பதே என் கருத்து.”

பிப்ரவரி 8

செலவுப் பேச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம். டர்பன் ஜேக்கப்ஸ் பகுதியின் பட்டறைகளில் கார்களுக்கு வர்ணம் அடித்தே பிழைத்தவன் நான். சாம்பல் மலிவு, பச்சை விலை அதிகம் என்று எந்த வர்ணக்கடையிலும் கண்டதில்லை. தகட்டைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் கொடுப்பதில்தான் பணமும் உழைப்பும் போகின்றன. மேலே வரும் நிறம் எதுவானாலும் அந்த வேலை மாறாது.

போர்விமானத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது அதன் ஆயுதம். எதிரியை எவ்வளவு தொலைவில், எந்த உயரத்தில் சந்திக்கப் போகிறோம் என்பதை ஆயுதம் சொல்கிறது. அந்த இடத்தில் விமானத்துக்குப் பின்னால் இருப்பது மண்ணா, கடலா, வானமா என்று பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை ஒப்புக்கொண்டால் நம் நாட்டு விமானங்களின் நிறம் மாறிய கதை முழுவதும் விளங்கிவிடும்.

பிப்ரவரி 8, இரவு

மிராஜ் 3-இலிருந்தே தொடங்குகிறேன். 1963-இல் தென்னாப்பிரிக்க விமானப்படைக்கு வரத் தொடங்கிய மிராஜ் 3சிஇசட் விமானங்களுக்கு வர்ணமே இல்லை; வெறும் உலோகப் பளபளப்பு. அவற்றின் வேலை அப்படி. உயரே வரும் குண்டுவீச்சு விமானத்தை நோக்கி ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் ஏறிப்போய், ஏவுகணையாலோ 30 மில்லிமீட்டர் டெஃபா பீரங்கியாலோ அடிக்க வேண்டும். அந்த வேகமும் உயரமுமே அதற்குக் காப்பாக இருந்தன, ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை எழவில்லை.

நமீபியா, அங்கோலா எல்லையில் நடந்த எல்லைப் போர் வலுத்ததும் வேலை மாறியது. வெள்ளி நிறம் போய், ஆலிவ் பச்சையும் ‘டீப் பஃப்’ எனப்பட்ட மண்நிறமும் வந்தன. லாடியம் அண்ணா அழகு என்று சொல்வது இந்தச் சேர்க்கையைத்தான். அழகு என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

பிப்ரவரி 10

அந்த இரண்டு நிறங்களையும் நான் சிறுவயதில் தினமும் பார்த்தவன். எங்கள் வீடு மெர்பேங்கில். பழைய லூயி போத்தா விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அங்கேதான் 5-ஆம் படைப்பிரிவின் இம்பாலா விமானங்கள் இருந்தன. இத்தாலிய வடிவமைப்பை உரிமம் பெற்று இங்கே அட்லஸ் ஆலையில் கட்டியவை. இரட்டை இருக்கை மார்க் 1 பயிற்சிக்கு, ஒற்றை இருக்கை மார்க் 2 தாக்குதலுக்கு. மார்க் 2-இன் உடலுக்குள்ளேயே இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் உண்டு.

வர்ணக்காரனின் கண்ணோடு பின்னாளில் யோசித்தபோது ஒன்று புரிந்தது. இம்பாலா டர்பன் வானத்தில் கன்னங்கரேலென்று தெரியும். கடல்மேல் போனால் இன்னும் மோசம். அந்தப் பச்சையும் மண்நிறமும் இந்த ஊருக்காகக் கலக்கப்பட்டவை அல்ல. வடக்கு நமீபியாவின் ஒவாம்போலாந்து, தெற்கு அங்கோலா ஆகிய இடங்களின் புதர்க்காட்டை மேலிருந்து பார்த்தால் தெரியும் நிறங்கள் அவை. எங்கள் கூரைகளின்மேல் பறந்துகொண்டிருந்தது தொலைவில் நடந்த ஒரு போரின் நிறம். அன்று எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

வானத்தில் கறுப்பாகத் தெரிவது பெரிய குறையும் அன்று. மரஉச்சி உயரத்தில் பறக்கும் விமானத்தைத் தேடுகிறவன் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருப்பான். 1985 செப்டம்பரில் இம்பாலாக்கள் அங்கோலாவின் எம்ஐ-8, எம்ஐ-25 ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தியது தாழப் பறந்து போய், பீரங்கியால். தாக்குதல் ஜெட் ஒன்றுக்கு அகப்பட்ட மிகவும் விசித்திரமான வேட்டை அது. அந்த வேலைக்கு அந்த நிறம் முழுப் பொருத்தம்.

பிப்ரவரி 11

போர்விமானத்துக்கு அடிப்பது பளபளப்பில்லாத மங்கல் வர்ணமா என்று கேட்ட டோங்காட் நண்பருக்கு: ஆம், மங்கல் வர்ணம்தான். பளபளப்பு வர்ணம் எந்த நிறமாக இருந்தாலும் வெயிலில் ஒரு கணம் மின்னும். அந்த மின்னலைப் பல மைல் தள்ளியிருப்பவனும் பார்த்துவிடுவான். மங்கல் வர்ணத்தின் தொல்லை அழுக்கு. எண்ணெய்க் கறை, பூட்ஸ் அடையாளம், புகை எல்லாம் அதில் ஊறிவிடும், துடைத்தால் போகாது. பழைய படங்களில் மிராஜ்களின் முதுகு திட்டுத்திட்டாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் பராமரிப்புக் குழுவினரின் காலடி, மீதி வெயில்.

உப்புக்காற்றையும் மறந்துவிட வேண்டாம். டர்பன் கடலோரத்தில் பிளஃப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், இரும்புக் கேட் எத்தனை ஆண்டு தாங்கும் என்று. அலுமினியக் கலவையும் உப்பில் அரிக்கும். ஒளிந்துகொள்ளும் தேவையே இல்லாத நாட்டிலும் விமானத்துக்கு வர்ணம் அடிக்கத்தான் வேண்டும்.

பிப்ரவரி 14

மிராஜ் எஃப்1 பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு வகைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது, பிரித்தே சொல்கிறேன்.

எஃப்1சிஇசட் 16 வாங்கினார்கள், 3-ஆம் படைப்பிரிவுக்கு. வான்சண்டைக்கு உரியது, மூக்கில் ராடார். எஃப்1ஏஇசட் 32, 1-ஆம் படைப்பிரிவுக்கு. தரைத் தாக்குதலுக்கு உரியது. ஒரே உடல், வேறு வேறு தொழில். இரண்டும் 1970களின் நடுவில் பச்சையும் மண்நிறமுமாகத்தான் வந்து சேர்ந்தன. பின்னர் சிஇசட் மட்டும் நீலம் கலந்த சாம்பலுக்கு மாறியது. ஏஇசட் கடைசிவரை, அதாவது 1997 நவம்பரில் ஓய்வு பெறும்வரை, மண்ணின் நிறங்களிலேயே இருந்தது. ஒரே ஆலையில் பிறந்த இரண்டு விமானங்களின் நிறத்தை ஆயுதம் பிரித்து வைத்தது. லாடியம் அண்ணாவுக்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த சாட்சியம் இதுதான்.

ஏஇசட்டின் தாக்குதல் முறையைக் கவனியுங்கள். 1987-88இல் அங்கோலாவில் எதிர்த்தரப்பிடம் ராடாரும் விமான எதிர்ப்பு ஏவுகணைகளும் நெருக்கமாக இருந்தன. இலக்கின் தலைக்கு மேலே போய்க் குண்டு போட்டால் திரும்பி வர முடியாது. ஆகவே மரங்களை உரசுகிற உயரத்தில் முழுவேகத்தில் வந்து, இலக்குக்குப் பல கிலோமீட்டர் முன்னதாகவே விமானத்தை மேலே இழுத்து, அந்த ஏற்றத்தில் குண்டுகளை விடுவித்துவிடுவார்கள். குண்டு வளைந்து போய் விழும். விமானி உருண்டு திரும்பி மறுபடி தாழ இறங்கி ஓடுவார். ஆஃப்ரிகான்சில் இதை ‘ஃபெர்கோய்’ என்றார்கள். விமானம் தரையோடு ஒட்டியிருக்கும் நிமிடங்களில் மேலே சுற்றும் எதிரியின் மிக் போர்விமானியின் கண்ணிலிருந்து காப்பது முதுகின் வர்ணம். மேலே இழுக்கும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் அது உதவாது. வெளிர்ச்சாம்பல் வயிறு வெளியே தெரியும். அந்த விநாடிகளுக்காக முழு விமானத்தையும் வேறு நிறமாக்க முடியாது. வர்ணம் என்பது எப்போதும் ஒரு பேரம்.

பிப்ரவரி 15

பேரத்தில் தோற்றுப்போன நிறமும் உண்டு: பக்கனீர் என்ற தாக்குதல் விமானத்தின் நிறம்.

பிரிட்டனிடம் கேட்டு வாங்கிய 16 விமானங்கள். ஒன்று 1965-இல் வரும் வழியிலேயே கடலில் போனது, வந்து சேர்ந்தவை 15. கேப் கடல்வழியைக் காப்பதற்கு என்று வாங்கியதால் மேலே கரும் கடற்சாம்பல், கீழே நீலம். கூடுதலாகக் கேட்டதைப் பிரிட்டனில் புதிதாக வந்த தொழிற்கட்சி அரசு மறுத்துவிட்டது. இருந்ததை வைத்தே 1991 வரை ஓட்டினார்கள்.

கடலில் அவை செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது வாஃப்ரா கப்பல் விவகாரம். 1971 பிப்ரவரி இறுதியில் அந்த எண்ணெய்க் கப்பல் அகுலாஸ் முனை அருகே தரைதட்டி எண்ணெய் கசிந்தது. இழுத்துக்கொண்டு போய் ஆழ்கடலில் மூழ்கடிக்க முடிவு செய்தார்கள். பக்கனீர்கள் ஏஎஸ்-30 ஏவுகணைகளை ஏவின. அந்த ஏவுகணைக்குச் சொந்தக் கண் கிடையாது; அதன் வாலில் எரியும் சுடரைப் பார்த்துக்கொண்டே விமானத்திலிருந்து கைப்பிடியால் கடைசிவரை வழிநடத்த வேண்டும். கப்பல் தீப்பிடித்ததே தவிர மூழ்கவில்லை. கடைசியில் ஷாக்கிள்டன் கடல்ரோந்து விமானம் நீர்மூழ்கிகளுக்கான ஆழ்வெடிகளைப் போட்டு முடித்தது. பெரிய கப்பலை மூழ்கடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் கடலிலேயே கிடைத்த பாடம்.

ஆனால் அந்தக் கடல் வர்ணத்தோடேதான் பக்கனீர்கள் அங்கோலாவின் காடுகளுக்குமேல் போர் செய்தன. 1988 ஜனவரி 3 அன்று குய்ட்டோ ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தது பக்கனீர் விட்ட எச்-2 சறுக்குகுண்டு. தொலைக்காட்சிக் கண் உள்ளது, தொலைவிலிருந்தே வழிநடத்தலாம். ஆயுதத்தின் வீச்சு நீண்டுவிட்டதால் முதுகின் தவறான நிறம் அன்று உயிரை வாங்கவில்லை.

பிப்ரவரி 17

சாட்ஸ்வொர்த் சகோதரி ஒருவர் தனியாக எழுதியிருந்தார்: “நம் குடும்பங்களை டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பிடுங்கி எறிந்த நிறவெறி அரசின் விமானங்கள். அவற்றின் வர்ணத்தை எப்படி இவ்வளவு ஆசையோடு பேசுகிறீர்கள்?”

நேர்மையான கேள்வி. பதிலை ஓரிரு வரியில் முடிக்க எனக்கு மனமில்லை.

எங்கள் பாட்டியும் கேட்டோ மேனரில் வாழைத்தோட்டத்தை விட்டு வந்தவர்தான். மெர்பேங்க் வேலியருகே நின்று இம்பாலாவைப் பார்த்த எங்களில் எவனும் அந்த விமானிக் கூண்டில் ஏற முடியாது என்பது அப்போதே எங்களுக்குத் தெரியும். அந்த இருக்கை வெள்ளையருக்கு. 1970களில் இந்தியர்களுக்கென்று கடற்படையில் சாலிஸ்பரி தீவில் ஒரு பயிற்சிப் பிரிவு திறந்தார்கள். வானம் திறக்கவில்லை. 1978 மே மாதம் அங்கோலாவின் கசிங்காவில் இதே பக்கனீர்களும் கான்பெரா, மிராஜ் விமானங்களும் போட்ட குண்டுகளிலும் அதைத் தொடர்ந்த தாக்குதலிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. பச்சையும் மண்நிறமும் அழகு என்று எழுதும்போதெல்லாம் இந்த நினைவு வந்தே தீரும். வர வேண்டும்.

ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன். ஒரு தகட்டின்மேல் வர்ணம் எப்படி அமர்கிறது, அதை ஏன் அப்படி அமர்த்தினார்கள் என்று தெரிந்துகொள்வது என் தொழில் எனக்குக் கொடுத்த கண். அந்தக் கண்ணால் பார்த்தால் அந்த அரசு எதற்கு அஞ்சியது, எங்கே அடிக்கத் திட்டமிட்டது என்பதெல்லாம் வர்ணத்தில் எழுதியிருக்கிறது. இரண்டு நிறங்களும் அடுத்தவர் நாட்டின் மண் நிறங்கள், சகோதரி. இதைப் பார்க்கத் தெரிந்த பிறகு பாராமல் இருப்பது எனக்கு முடியாது.

பிப்ரவரி 20

ஏவுகணைக் கதைக்கு வருகிறேன். “ராடார் பிடித்துவிடும், ஏவுகணை பார்த்துக்கொள்ளும்” என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே பதில்.

1981 நவம்பர் 6 அன்று எஃப்1சிஇசட் ஓட்டிய யோஹான் ராங்கின் ஒரு மிக்-21ஐ வீழ்த்தினார். கொரியப் போருக்குப் பிறகு இந்த விமானப்படைக்குக் கிடைத்த முதல் வான்வெற்றி. வீழ்த்தியது ஏவுகணை அன்று, 30 மில்லிமீட்டர் பீரங்கி. அதாவது ஒருவரையொருவர் கண்ணால் பார்க்கிற தூரம். அந்த தூரத்தில் முதலில் கண்டவனே பிழைப்பான். வர்ணம் நேரடியாக உயிர் விவகாரம்.

1987 செப்டம்பர் 27 அன்று நிலைமை தலைகீழ். எதிரே வந்தவை மிக்-23கள். அவற்றின் ஏவுகணைகள் நேருக்கு நேர் ஏவக்கூடியவை. நம்மிடம் இருந்தவை எதிரியின் வாலைப் பிடித்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கேப்டன் ஆர்தர் பியர்சியின் விமானத்தின் பின்புறத்தை ஏவுகணை தாக்கியது. அவர் அதை நமீபியாவின் ருண்டு விமானத்தளம் வரை கொண்டுவந்து தரையிறக்கினார். வேகத்தைக் குறைக்கும் வால்குடை போய்விட்டிருந்ததால் ஓடுபாதையைத் தாண்டி ஓடி நின்ற இடத்தில் தப்பிப்பு இருக்கை வெடித்து எறிந்தது, முதுகெலும்பு சிதைந்து சக்கர நாற்காலியில் முடிந்தார். சேதமடைந்த அந்த விமானத்தின் பகுதிகளைக் கொண்டு இன்னொரு மிராஜைச் சீர்செய்தார்கள். இரண்டு மோதிய கார்களிலிருந்து ஒன்றை எழுப்புகிற வேலை எனக்குத் தெரியும். அதை மிராஜில் செய்தவர்களுக்கு என் வணக்கம்.

இதில் கசப்பு என்னவென்றால், ஏவுகணையை எப்படிக் குறிவைப்பது என்பதில் இந்த நாடு உலகின் முன்னோடிகளில் ஒன்று. 1970களில் வி3 ‘குக்ரி’ ஏவுகணையோடு தலைக்கவசக் குறிநோக்கியைச் சேர்த்தார்கள். விமானி தலையைத் திருப்பிப் பார்க்கும் பக்கம் ஏவுகணையின் கண்ணும் திரும்பும். விமானத்தின் மூக்கை எதிரிமேல் திருப்ப வேண்டிய கட்டாயமில்லை. 1977 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 418-ஆம் தீர்மானம் ஆயுதத் தடையைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு உள்ளூரில் செய்தாக வேண்டிய நிர்ப்பந்தம் இன்னும் இறுகியது. கண் கூர்மையாக இருந்தும் கை எட்டவில்லை.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதன் தொடர்ச்சி இல்லாமல் சாம்பல் புரியாது.

ஏவுகணையின் கை நீண்டதும் சண்டை மேலே போனது. விமானத்துக்குப் பின்னால் இப்போது மண் இல்லை, மங்கலான அடிவானம். காற்றில் உள்ள தூசியும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவில் உள்ள எல்லாமே வெளிறிய சாம்பலை நோக்கிப் போகின்றன. டிராக்கன்ஸ்பெர்க் மலைகளைத் தூரத்திலிருந்து பாருங்கள்; பச்சை எங்கே போயிற்று? அந்த வெளிறலுக்கு முன்னால் பச்சை விமானம் கரும்புள்ளி. அமெரிக்கர்கள் எஃப்-15க்கு முதலில் வான்நீலம் அடித்தார்கள், பிறகு இரண்டு சாம்பல்களுக்கு மாறினார்கள். நீலம் தெளிந்த உச்சிவானத்துக்குப் பொருந்தும், அடிவானத்துக்குப் பொருந்தாது.

சீட்டா விமானத்தைக் கவனியுங்கள். பழைய மிராஜ் 3களை அடிப்படையாக வைத்து இஸ்ரேலியத் துணையோடு உருவாக்கினார்கள், 1986-இல் வெளிக்காட்டினார்கள். முதலில் வந்த இரட்டை இருக்கை சீட்டா டி தரைத் தாக்குதலுக்கு உரியது, நிறம் பச்சையும் மண்நிறமும். 1990களில் வந்த 38 சீட்டா சி விமானங்களுக்குச் சாம்பல். அவற்றில் தொங்கியது ஆர்-டார்ட்டர். சொந்த ராடார் கொண்ட, கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் போகிற ஏவுகணை. அதே விமானக் குடும்பம், ஆயுதம் மாறியது, நிறமும் மாறியது.

பிப்ரவரி 21, சற்று நேரம் கழித்து

“கண்ணுக்கெட்டாத தொலைவு என்றால் நிறமே வேண்டாமே” என்று கேட்பீர்கள். தொலைவிலிருந்து ஏவியவை எல்லாம் அடிப்பதில்லை. தப்பியவர்கள் நெருங்குவார்கள். சமாதான காலத்தில் அடையாளம் தெரியாத விமானத்தை அருகில் போய்க் கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். ராடாரை அணைத்துவிட்டு ஓசையின்றி வருகிறவனுக்கும் நிறம் துணை.

பிப்ரவரி 23

பீனிக்ஸ் தம்பி நம் விமானப்படையின் சின்னத்தைப் பற்றிக் கேட்டான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வட்டத்தின் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு. 1950களின் பின்பகுதியிலிருந்து கேப்டவுன் நன்னம்பிக்கைக் கோட்டையின் ஐங்கோண வடிவம், நடுவில் ஸ்பிரிங்பொக் மான். 1980களில் மானின் இடத்தில் கழுகு. 2003 முதல் ஒன்பது மாகாணங்களுக்கு ஒன்பது முனை நட்சத்திரம், கழுகு அப்படியே. பளிச்சென்ற சின்னம் நல்ல வர்ணத்தைக் கெடுத்துவிடும் என்பதால் போர்விமானங்களில் அதையும் சாம்பலில் அடக்கிவிட்டார்கள்.

கோட்டை போனதில் எனக்கு மகிழ்ச்சி.

பிப்ரவரி 27

லெனேசியா நண்பர் அனுப்பிய கனடா விமானத்தின் படம்: வயிற்றில் விமானிக் கூண்டின் நிழலைக் கறுப்பாகத் தீட்டியிருப்பது தவறுதலாக அல்ல. கீத் ஃபெரிஸ் என்ற அமெரிக்க ஓவியர் முன்வைத்த யோசனை. நெருங்கிய சண்டையில் எதிரி எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று கணிக்க அவன் முதுகா வயிறா என்று பார்ப்பார்கள். அரை விநாடி குழம்பினாலும் போதும். ஒரு டப்பா கறுப்பில் கிடைக்கிற மிக மலிவான ஆயுதம் அது. நம் கிரிப்பென்களிலும் செய்யலாம் என்பது என் விருப்பம்.

1991 வளைகுடாப் போரின் இளஞ்சிவப்பு வர்ணம் பூசிய பிரிட்டிஷ் டொர்னாடோ விமானங்களும் அதே அறிவுதான். பாலைவனத்தில் தாழப் பறக்கும்போது மணலும் தூசியும் அந்தச் சாயலில் தெரியும்.

மார்ச் 2

இனி கிரிப்பென். 2010 உலகக் கோப்பைக் காலத்தில் ஒரு பிற்பகல் டர்பன் கடற்கரையில் அந்த இரைச்சல் கேட்டது. தலை நிமிர்ந்து தேடினேன், பக்கத்தில் நின்றவர்களும் தேடினார்கள். கடல் பக்கம் லேசான மேகம். சத்தம் ஓய்கிறவரை எவர் கண்ணுக்கும் சிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க வர்ணத்தோடு இருந்தவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எதுவும் தோன்றவில்லை, அடித்தவன் யாரோ அவன் கையை முத்தமிடலாம். லாடியம் அண்ணா இதைச் சலிப்பு என்கிறார். காணாமல் போவதற்காகப் பூசியதில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று குறை சொல்ல முடியாது.

என் கவலை நிறத்தைப் பற்றியது அன்று. வாங்கியவை 26; ஒற்றை இருக்கை 17, இரட்டை இருக்கை 9. பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் 2021-இல் தரையில் நின்றன, 2022-இல்தான் மறுபடி பறந்தன. வர்ணம் நன்றாக இருந்து என்ன பயன், கொட்டகையில் நின்றால்? நாம் பணத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டிய இடம் அதுதான், அண்ணா.

பீனிக்ஸ் தம்பி மாதிரி விமானம் கட்டுகிறான், கிரிப்பெனில் எதை மாட்டுவது என்று கேட்கிறான். இறக்கை நுனிகளில் ஐரிஸ்-டி ஏவுகணை. ஆர்-டார்ட்டரை மாட்டாதே, அது 2008 ஏப்ரலில் சீட்டாவோடேயே ஓய்வு பெற்றது, கிரிப்பெனுக்கு வரவில்லை. பிரேசிலோடு சேர்ந்து உருவாக்கிய ஏ-டார்ட்டர் ஏவுகணை வேண்டுமானால் அதை மாட்டிச் சோதனை விமானமாகக் கட்டு. குறிபார்க்கும் லைட்னிங் பெட்டி ஒன்றை உடலடியில் மாட்டலாம். ஒற்றை இருக்கை என்றால் வயிற்றின் இடப்பக்கம் 27 மில்லிமீட்டர் மாவுசர் பீரங்கியின் வாய் தெரிய வேண்டும். இரட்டை இருக்கையில் பீரங்கி கிடையாது, அந்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்துவிடு. சாம்பலைப் புட்டியிலிருந்து அப்படியே அடிக்காதே, சிறு மாதிரியில் அது கனமாகத் தெரியும். சில துளி வெள்ளை கலந்து, தின்னரைச் சற்றுத் தாராளமாக விட்டு, மெல்லிய பூச்சுகளாகக் கொடு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.